புதிய கண்ணாடி மணி டிசைன்: முதல் யோசனையிலிருந்து முழுத் தொடர் வரை

டார்ச் (வாயுவில் எரியும் சுடர்க் கருவி) முன்னால் உட்கார்ந்து உருண்டையாக ஒரு கண்ணாடி மணி செய்யக் கை பழகிவிட்டது. துளையின் இரண்டு ஓரமும் கூர்மையில்லாமல் உள்வாங்கி நிற்கின்றன. புள்ளி வைக்க வருகிறது, ஸ்ட்ரிங்கரால் (மெல்லிய கண்ணாடி நூலால்) கோடு இழுக்க வருகிறது. அப்புறம் எல்லோருக்கும் வரும் கேள்வி: எனக்கென்று ஒரு டிசைனை எப்படிக் கொண்டுவருவது? பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். ஒரு வீடியோவைப் பார்த்து அதேபோல் செய்ய முடிகிறது. புதிதாக ஒன்று செய்யலாம் என்று உட்கார்ந்தால் எந்த நிறக் குச்சியை எடுப்பது என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

எந்தக் கண்ணாடியை, எந்த வரிசையில், எவ்வளவு சூட்டில் வைக்கிறோம் என்பதுதான் மணி டிசைன். தெரிந்த ஒரு மணியை எடுத்து, அதன் வரிசையைப் பிரித்துப் பார்த்து, ஒரு படியை மட்டும் மாற்றிச் செய்து, வந்ததை எழுதி வைத்தால், கொஞ்ச நாளிலேயே யாருடைய மணிபோலவும் இல்லாத மணிகள் வரத் தொடங்கும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு முறையைப் பற்றியது. டார்ச் சுடரில் இரும்புக் கம்பிமேல் கண்ணாடியைச் சுற்றிச் செய்யும் லாம்ப்வொர்க் மணிகளை வைத்தே சொல்கிறேன். டார்ச்சைப் பற்றவைப்பது, கம்பியில் களிமண் கலவை பூசுவது போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

யோசனையை எங்கிருந்து எடுப்பது

இலை, கூழாங்கல், துணி, பறவை இறகு, துருப்பிடித்த தகரம் என்று எதிலிருந்தும் எடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பார்த்த பொருளை முழுதாக மணியில் கொண்டுவர முயலாதீர்கள். அதிலிருந்து ஒரு குணத்தை மட்டும் எடுங்கள். மயிலிறகைப் பார்த்தால், வட்டத்துக்குள் வட்டமாக நிறம் மாறும் அந்த அடுக்கு மட்டும் போதும். கூழாங்கல்லைப் பார்த்தால், மங்கலான மேற்பரப்பும் அதில் ஓடும் ஒற்றை வெள்ளைக் கோடும் போதும். எடுத்த குணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை என்றால் யோசனை இன்னும் தயாராகவில்லை.

பழைய மணிகளைப் போல் நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவற்றை அழகுக்காக மட்டும் பார்க்காமல், எந்த வரிசையில் செய்திருப்பார்கள் என்று பாருங்கள். கி.மு. 475 முதல் 221 வரையிலான போரிடும் அரசுகள் காலத்துச் சீனக் கண் மணிகளில் (கண்போல் தோன்றும் வட்டங்கள் கொண்ட மணிகளில்), புள்ளிமேல் புள்ளியாக அடுக்கி, சிலவற்றில் புள்ளியை வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். அந்தச் சிறு சாய்வினாலேயே கண் எங்கோ பார்ப்பது போல் தோன்றும். வெனிஸில் 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான செவ்ரான் மணியில் அலங்காரம் உள்ளேதான் இருக்கிறது. நட்சத்திர வடிவ அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீளக் குழாயாக இழுத்து, துண்டு போட்டு, இரண்டு முனைகளையும் தேய்க்கும்போதுதான் மேலே வளைந்து வளைந்து போகும் கோடு வெளிப்படுகிறது. தொடக்ககாலச் செவ்ரான்களில் ஏழு அடுக்கும் பன்னிரண்டு முனையும் இருக்கும். அரிக்கமேட்டில் கிடைத்த சின்னஞ்சிறு மணிகள் இதற்கு நேர்மாறு: ஒரே நிறம், எந்த வேலைப்பாடும் கிடையாது. நிறத்தின் அடர்த்தியும், நூற்றுக்கணக்கில் கோர்க்கும்போது வரும் ஒழுங்கும்தான் அங்கே டிசைன். கானாவின் க்ரோபோ மக்கள் கண்ணாடியைப் பொடியாக்கி, களிமண் அச்சில் நிரப்பிச் சுட்டு மணி செய்கிறார்கள். அதில் கோடுகள் பொடியின் அடுக்கிலிருந்தே வருகின்றன.

இப்படி நான்கைந்து மணிகளைப் பார்த்தாலே, நிறம், அடுக்கு, இடம், வெட்டு, தேய்ப்பு, கோர்ப்பு என்று மாற்றிப் பார்க்கக்கூடியவை எத்தனை என்று தெரிந்துவிடும். இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரின் மணியைப் பார்த்து அப்படியே செய்து பழகலாம், தப்பில்லை. ஆனால் அதை உங்கள் டிசைன் என்று வெளியே வைக்காதீர்கள். அவருடைய டெக்னிக்கை எடுத்துக்கொண்டு வேறு நிறம், வேறு வடிவம், வேறு இடம் என்று நகர்ந்து போனால் அது நேர்மையான வழி.

மணி எங்கே போகப்போகிறது

இதை முதலிலேயே முடிவு செய்தால் பாதிக் குழப்பம் தீரும். காதில் தொங்குமா, கழுத்துமாலையின் நடுவில் நிற்குமா, கைவளையில் மற்ற மணிகளோடு உரசிக்கொண்டிருக்குமா?

எடைதான் முதல் கணக்கு. சோடா-லைம் கண்ணாடி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம். 12 மி.மீ. உருண்டை சுமார் 2.3 கிராம், 15 மி.மீ. என்றால் 4.4 கிராம், 20 மி.மீ. என்றால் 10 கிராமைத் தாண்டிவிடும். விட்டம் இரட்டிப்பானால் எடை எட்டு மடங்கு. ஆகவே காதணிக்குப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்றால் உருண்டையை விட்டுவிட்டுத் தட்டையான வடிவத்துக்குப் போங்கள். அகலம் கிடைக்கும், எடை ஏறாது.

அடுத்தது துளை. 1.6 மி.மீ. கம்பி மெல்லிய நூலுக்கும் வயருக்கும் போதும். 2.4 மி.மீ. பொதுவான அளவு. தோல் கயிறு என்றால் 3.2 அல்லது அதற்கு மேல். கைவளையில் மணி உரசும் என்பதால், அங்கே உயர்ந்து நிற்கும் மெல்லிய புள்ளிகளையும் கொடிகளையும் தவிர்த்து, வேலைப்பாட்டை உள்ளே உருக்கி இறக்கிவிடுவது நல்லது.

நிறங்களைச் சோதித்துப் பார்ப்பது

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள். டிசைன் கெட்டுப்போவதும் எதிர்பாராத அழகு கிடைப்பதும் இங்கேதான்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஒரே மணியில் சேரும் எல்லாக் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவில் விரிந்து ஒரே அளவில் சுருங்க வேண்டும். இதைச் சி.ஓ.ஈ. என்ற எண்ணால் குறிப்பார்கள். முரானோவின் எஃபெட்ரே நிறுவனக் கண்ணாடி போன்ற மென்கண்ணாடிக்கு 104, போரோசிலிகேட் என்ற கடினக் கண்ணாடிக்கு 33. புல்ஸ்ஐ நிறுவனக் கண்ணாடிக்கு 90. 104-ஐயும் 90-ஐயும் கலந்தால் மணி அன்று நன்றாகவே இருக்கும்; சில நாள் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்து, தானாக விரிசல் விடும். எந்தக் குச்சி எந்த வகை என்று சந்தேகம் வந்தால் அதைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம் ரசாயனம். தந்த நிறக் கண்ணாடியில் கந்தகம் இருக்கிறது. ஒளிபுகா டர்கோய்ஸ் நீலத்தில் தாமிரம் இருக்கிறது. இரண்டும் சூட்டில் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு தானாக உருவாகும். தெரியாமல் வந்தால் அழுக்குப்போல் இருக்கும். தெரிந்தே பயன்படுத்தினால் பேனாவால் வரைந்த ஓரம்போல் இருக்கும். தந்த நிறத்தின்மேல் மெல்லிய வெள்ளித்தாளைச் சுற்றி எரித்தால் பழுப்பும் மஞ்சளுமாகத் திரிதிரியாகப் பரவும்; பழைய எலும்பு, மரப்பட்டை போன்ற தோற்றம் வேண்டுமென்றால் இதைவிட எளிய வழி இல்லை. தாமிரம் கலந்த நீலத்தையும் பச்சையையும் ஆக்சிஜன் குறைந்த சுடரில் காட்டினால் மேலே செம்பு நிறப் படலம் ஏறும். தங்கம் கலந்த இளஞ்சிவப்பை அளவுக்கு மீறிச் சுட்டால் நிறம் பழுப்புப் பக்கம் போய்விடும்.

இன்னொன்று, எல்லா நிறமும் ஒரே வேகத்தில் இளகுவதில்லை. தந்த நிறமும் வெள்ளையும் பொதுவாகச் சீக்கிரம் இளகிப் பரவும். ஒளிபுகும் நிறங்கள் பெரும்பாலும் கொஞ்சம் கெட்டியாக நிற்கும். அதனால் நீலத்தின்மேல் வைத்த தந்தப் புள்ளி அகன்றுபோகும், தந்தத்தின்மேல் வைத்த ஒளிபுகும் நீலப் புள்ளி தன் அளவில் நிற்கும். படத்தில் இரண்டும் ஒரே அளவாக வரைந்திருப்பீர்கள். மணியில் அப்படி வராது.

ஒளிபுகும் நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கரு நீலத்தைக் கறுப்பின்மேல் வைத்தால் அது இருப்பதே தெரியாது. வெள்ளையின்மேல் வைத்தால் ஒளிரும். வெள்ளைப் புள்ளி வைத்து, அதன்மேல் அதைவிடச் சற்றுச் சிறிய ஒளிபுகும் புள்ளி வைத்து உருக்கினால், நிறத்தைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று தானாகக் கிடைக்கும்.

சோதிப்பது எப்படி? அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சின்ன மணி. அதன் ஒரு பாதியில் வெள்ளைப் புள்ளி, தந்தப் புள்ளி, கறுப்புப் புள்ளி வரிசையாக வைத்து முழுக்க உருக்குங்கள். இன்னொரு பாதியில் அதே மூன்றையும் உயர்த்தி விடுங்கள். சூடாக இருக்கும்போது நிறத்தை நம்பவே கூடாது: ஒளிபுகாச் சிவப்பு சுடரில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும், ஆறினால்தான் சிவப்பு. சூளையிலிருந்து வெளியே எடுத்த பிறகு பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மணிகளை நிறக்குடும்பம் வாரியாக ஒரு கம்பியில் கோர்த்து, ஒவ்வொன்றிலும் குச்சியின் எண்ணைச் சின்னத் தாளில் கட்டுங்கள். சலிப்பான வேலைதான். ஆனாலும் இந்தக் கோர்வை ஒன்று கையில் இருந்தால், டார்ச்சைப் பற்றவைக்கும் முன்பே இரண்டு மணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு டிசைனைத் தேர்ந்தெடுக்கவும் நிராகரிக்கவும் முடியும்.

வெள்ளித்தாளை எரிப்பது, காட்மியம் கலந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கண்ணாடிகளைச் சுடுவது போன்ற வேலைகளின்போது புகையை வெளியே இழுக்கும் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டிடிமியம் மூக்குக்கண்ணாடி போடாமல் டார்ச் முன்னால் உட்காராதீர்கள். சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது வடிகட்டுவதால்தான் சுடருக்குள் கோடு எங்கே போகிறது என்பதைப் பார்த்து வேலை செய்ய முடிகிறது.

காகிதத்தில் ஒரு சுற்று

மணியை உருண்டையாக வரையாதீர்கள். அதன் மேற்பரப்பை விரித்துப் போட்டதுபோல் ஒரு நீளப் பட்டை வரையுங்கள். 15 மி.மீ. விட்டமுள்ள மணிக்குச் சுற்றளவு 47 மி.மீ. ஆகவே பட்டையின் நீளம் 47. நடுவில் ஆறு புள்ளி வைக்க நினைத்தால் ஒரு புள்ளியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு கிட்டத்தட்ட 8 மி.மீ. 4 மி.மீ. அகலத்தில் வைத்த புள்ளி உள்ளே உருகி இறங்கும்போது 5 அல்லது 6 மி.மீ. ஆகும். மிச்சம் அடிநிறம் தெரிய 2 அல்லது 3 மி.மீ. இருக்கிறது, சரி. அதையே எட்டுப் புள்ளி என்று மாற்றினால் இடைவெளி 6 மி.மீ.க்கும் கீழே போய்விடும். புள்ளிகள் ஒன்றையொன்று முட்டி, வட்டம் போய் நேர்க்கோட்டு ஓரங்கள் வரும். அது வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம். நெருக்கமான புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளித் தேனடை போன்ற அமைப்பைத் தருவது தனி அழகு. வேண்டாமென்றால் காகிதத்திலேயே தெரிந்துகொண்டோம், கண்ணாடி மிச்சம்.

பட்டையின் கீழே வரிசையை எழுதுங்கள். இதுதான் உண்மையான டிசைன். உதாரணத்துக்கு:

கம்பி 2.4. அடி: தந்தம், நீளம் 11–12, விட்டம் 14 வரும்வரை.
நடுவில் டர்கோய்ஸ் புள்ளி ஆறு. முழுக்க உருக்கு.
ஒவ்வொன்றின் மேலும் சின்ன தந்தப் புள்ளி. பாதி உருக்கு.
அதன்மேல் ஒளிபுகும் கரு நீலம், இன்னும் சின்னது. உயர்ந்தே நிற்கட்டும்.
துளை ஓரங்களைச் சரிபார். சூளை.

"முழுக்க உருக்கு", "பாதி உருக்கு", "உயர்ந்தே நிற்கட்டும்" என்ற மூன்று சொற்களை விடாமல் எழுதுங்கள். நிறத்தை மட்டும் எழுதி இவற்றை விட்டுவிட்டால், ஒரு மாதம் கழித்து அந்தக் குறிப்பிலிருந்து அதே மணியைச் செய்யமுடியாது.

ஒரு மணியை எடுத்து மாற்றிப் பார்ப்போம்

மேலே எழுதிய மணியையே எடுத்துக்கொள்வோம். அதை முதலில் எழுதியபடியே செய்யுங்கள். இது மூல மணி. இனி ஒவ்வொரு மணியிலும் ஒரே ஒரு படி மாறும், மற்ற எல்லாம் அப்படியே இருக்கும். ஒரே மணியில் இரண்டு மாற்றம் செய்தால், வந்த அழகு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

முதல் மாற்றம், சூடு. கடைசி நீலப் புள்ளியையும் முழுக்க உருக்குங்கள். மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். கண் இப்போது மேலே நிற்காமல் உள்ளிருந்து பார்க்கும். டர்கோய்ஸுக்கும் தந்தத்துக்கும் நடுவே அந்தக் கருங்கோடு இன்னும் அழுத்தமாக வந்திருக்கும், ஏனென்றால் இரண்டும் அதிக நேரம் சூட்டில் சேர்ந்திருந்தன. இந்த ஒரு தகவலை எழுதி வையுங்கள்: கோட்டின் கனத்தைச் சூட்டின் நேரம் தீர்மானிக்கிறது.

இரண்டாவது மாற்றம், இடம். எல்லாம் பழையபடி, தந்தப் புள்ளியை மட்டும் டர்கோய்ஸின் நடுவில் வைக்காமல் கீழோரமாக வையுங்கள். வட்டம் பிறைநிலாவாக மாறும். ஆறையும் ஒரே பக்கம் சாய்த்தால் மணி சுழல்வதுபோல் தோன்றும். ஒன்றுவிட்டு ஒன்று எதிர்ப்பக்கம் சாய்த்தால் அலைபோல் போகும். என்னைக் கேட்டால் இந்த அலைதான் மிகவும் பிடித்தது. வேறெந்தப் புது நிறமும் சேர்க்காமலே வேறு மணி ஆகிவிடுகிறது.

மூன்றாவது, குத்துதல். புள்ளிகள் உருகிய பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சின்னச் சுடரில் காட்டி, நடுவில் டங்ஸ்டன் ஊசியால் நேராகக் குத்தி எடுங்கள். நிறம் குழிக்குள் இழுபட்டு இதழ்போல் மடியும். குழியின்மேல் உடனே ஒரு துளி ஒளிபுகும் கண்ணாடியை வைத்து மூடினால் உள்ளே காற்றுக்குமிழ் சிக்கிக்கொள்ளும். ஊசி அதிகச் சூட்டில் இருந்தால் கண்ணாடியில் ஒட்டும். ஒவ்வொரு குத்துக்கும் நடுவே ஊசியை ஆறவிடுங்கள்.

நான்காவது, இழுத்தல். புள்ளி இளகி இருக்கும்போது ஊசி நுனியால் ஒரு திசையில் கோதி இழுத்தால் இதயம், இலை, இறகு என்று போகும். இங்கே எல்லாமே சூட்டின் ஆழத்தைப் பொறுத்தது. மேற்பரப்பு மட்டும் தேன் பதத்துக்கு வர வேண்டும், உள்ளே மணி கெட்டியாக நிற்க வேண்டும். முழு மணியும் இளகிவிட்டால் அடிநிறமும் சேர்ந்து இழுபட்டுக் கலங்கிவிடும். இழுத்தபின் நுனியில் நிற்கும் நூலைச் சுடரால் வெட்டி, அந்த இடத்தை மட்டும் லேசாக உருக்குங்கள்.

ஐந்தாவது, மூடுதல். மேலே முழுவதும் நிறமற்ற கண்ணாடியால் ஒரு உறை போடுங்கள். ஆழம் வரும், உள்ளிருப்பது பெரிதாகத் தெரியும். துளை ஓரத்தில் உறை நன்றாக இறங்கி ஒட்டவில்லை என்றால் அங்கேதான் விரிசல் தொடங்கும். உறை போடும் மணியின் அடியைச் சிறியதாக, 9 அல்லது 10 மி.மீ.க்குள் செய்யுங்கள். இல்லாவிட்டால் எடை எகிறிவிடும்.

ஆறாவதாக அடிநிறத்தை மாற்றிப் பாருங்கள். அடியில் தந்தத்தின் இடத்தில் வெள்ளை வைத்தால் டர்கோய்ஸின் வெளியோரத்தில் இருந்த கருங்கோடு மறைந்து, மணி பளிச்சென்று சிறு பிள்ளைகள் விரும்பும் தோற்றத்துக்கு வரும். அதே புள்ளிகள், அதே இடம், குணம் முற்றிலும் வேறு.

இப்படி ஒரு மூல மணியிலிருந்து ஆறு கிளை. ஆறையும் மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டு நிச்சயம் பிடிக்காது. ஒன்று ரொம்பவே பிடிக்கும். அந்த ஒன்றை அடுத்த மூல மணியாக வைத்துக்கொண்டு மறுபடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மூன்றாவது தலைமுறைக்கு வரும்போது, முதலில் எழுதிய கண் மணிக்கும் கையிலிருப்பதற்கும் உறவே தெரியாது. அதுதான் உங்கள் டிசைன்.

புள்ளிகளைச் சமமாக வைப்பதற்கு ஒரு வழி சொல்லிவிடுகிறேன். ஒன்றை அடுத்து ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போனால் கடைசிப் புள்ளிக்கு இடம் அதிகமாகவோ குறைவாகவோ மிஞ்சும். முதலில் மேலே ஒன்று, கம்பியை அரைச் சுற்றுத் திருப்பி நேர் எதிரே ஒன்று. பிறகு இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் இரண்டு. இரண்டாவது வரிசை வேண்டுமென்றால் முதல் வரிசையின் இடைவெளிகளைப் பார்த்து வையுங்கள், தனியாக எண்ண வேண்டியதில்லை. புள்ளியின் அளவு குச்சி நுனியில் உருகிய உருண்டையின் அளவைப் பொறுத்தது. ஸ்ட்ரிங்கர் நுனியால் வைத்தால் அளவு கையில் நிற்கும்.

முன்கூட்டிச் செய்து வைப்பவை

ஸ்ட்ரிங்கர், ட்விஸ்டி, முரினி மூன்றும் டார்ச் முன்னால் மணி சுழலும்போது செய்ய முடியாதவை. தனியாக ஒரு நாள் ஒதுக்கி இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. குச்சியை 1 மி.மீ. நூலாக இழுத்தால் நீளம் 36 மடங்காகும். ஒரு சென்டிமீட்டர் கண்ணாடியில் 36 செ.மீ. நூல். கணக்கு இனிப்பாக இருக்கிறது, ஆனால் ஒளிபுகும் நிறத்தை இப்படி இழுத்தால் ஒளி கடக்கும் தடிமன் ஆறில் ஒரு பங்காகி நிறம் வெளுத்துப்போகும். எஃபெட்ரேயின் சாதாரணக் கறுப்பு உண்மையில் மிக அடர்ந்த ஊதா. மெல்லிய கோடாக இழுத்துப் பரப்பினால் அந்த ஊதா வெளியே வந்துவிடும். கறுப்புக் கோடு கறுப்பாகவே நிற்க வேண்டுமென்றால் அதற்கென்றே செய்யப்பட்ட அடர் கறுப்பை வாங்குங்கள். மற்ற ஒளிபுகும் நிறங்களுக்கு, வெள்ளை நடுவில் வைத்து மேலே நிறத்தை உறையாகப் போட்டு இழுத்தால் கோடு மெலிந்தாலும் நிறம் நிற்கும்.

ட்விஸ்டி என்பது இரண்டு மூன்று நிறங்களை ஒட்டிச் சூடாக்கி, முறுக்கிக்கொண்டே இழுத்த கயிறு. முறுக்கு இறுக்கமாக இருந்தால் ஒரு டிசைன், தளர்வாக இருந்தால் வேறு டிசைன். முரினிதான் இவற்றில் ஆழமானது: கட்டையாக ஒரு உருளை, அதற்குள் பூவோ நட்சத்திரமோ குறுக்குவெட்டில் வரும்படி அடுக்கி, நீளமாக இழுத்து, வில்லை வில்லையாக வெட்டி மணியில் பதிப்பது. ரோமானியர்கள் இதே முறையில் மனித முகங்களையே மணிகளில் பதித்தார்கள். முரினியின் நல்ல பயன், ஒருமுறை இழுத்ததிலிருந்து ஒரே மாதிரியான பல மணிகள் வரும். கெட்ட பயனும் அதுதான்: கடையில் வாங்கிய முரினியைப் பதித்தால் மணி எல்லோருடைய மணிபோலவே இருக்கும். சுமாராக வந்தாலும் சொந்தமாக இழுத்ததைப் பதியுங்கள்.

வடிவம்

புள்ளியும் கோடும் முடிந்த பிறகு வடிவத்தை யோசிப்பவர்கள் அதிகம். நான் அதை முன்னாலேயே யோசிக்கச் சொல்வேன், ஏனென்றால் அழுத்தினால் எல்லா வேலைப்பாடும் அகலும். வட்டப் புள்ளி இருந்த உருண்டையைக் கிராஃபைட் பலகைகளுக்கு நடுவே தட்டையாக்கினால் முன்பக்கப் புள்ளிகள் பெரிதாகும், ஓரத்தில் இருப்பவை நசுங்கி நீளும். பித்தளை அச்சில் அழுத்தும் மணிக்கு, வேலைப்பாட்டை முன்பக்கம் பின்பக்கம் மட்டும் வைத்து ஓரங்களைக் காலியாக விடுங்கள். உருளை வடிவம் கோடுகளுக்கு நன்றாக அமையும். இரு முனையும் ஒடுங்கிய வடிவத்தில் சுற்றிப்போகும் சுருள் அழகாக உட்காரும்.

ஆறிய பிறகும் வேலை இருக்கிறது. கண்ணாடியை அரிக்கும் கரைசலில் மூழ்கவைத்து மங்கலாக்கலாம். அந்தக் கூழாங்கல் யோசனை இங்கேதான் முழுமையாகும். கரைசலைத் தொடும்போது கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

சூளை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் சமரசம் கிடையாது. செராமிக் இழைப் போர்வையிலோ வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள்களிலோ மணியை ஆறவிடுவது அனீலிங் (சூளையில் வைத்துக் கண்ணாடியின் உள் இறுக்கத்தைத் தளர்த்துவது) ஆகாது. அது மெதுவாக ஆறவைக்கும், உள்ளிருக்கும் இறுக்கத்தை எடுக்காது. 104 கண்ணாடிக்குச் சூளையை 510 முதல் 520 டிகிரி செல்சியஸில் வைத்து, கடைசி மணி உள்ளே போனபின் ஒரு மணிநேரம் நிறுத்தி, பிறகு ஒரு மணிநேரத்துக்கு 50 அல்லது 60 டிகிரி வீதம் 400-க்குக் கீழே வரும்வரை இறக்கி, அதன்பின் அணைத்துவிடலாம். பெரிய மணிகளுக்கு இன்னும் மெதுவாக.

புது டிசைனில் தடிமன் மாறியிருக்கும், உயர்ந்த புள்ளிகள் கூடியிருக்கும். அதனால் ஒளிபுகும் மணிகளை இரண்டு போலரைசிங் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். ஒரு தாளைத் திருப்பி வெளிச்சம் முழுக்க மறையும்படி வைத்தால், இறுக்கம் இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். ஒளிபுகா மணிக்கு இந்தச் சோதனை வேலை செய்யாது. அதே அளவில் ஒளிபுகும் மணி ஒன்றை அதே சூளையில் கூடவே வைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும்.

மறுபடி செய்ய முடிகிறதா

ஒரு மணி அழகாக வந்தது என்பது தற்செயலாக இருக்கலாம். காகிதத்தில் எழுதிய வரிசையை ஒரு அட்டையில் எழுதி வைத்து, அதைப் பார்த்து மூன்று மணி செய்யுங்கள். மூன்றையும் ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து, ஒரே கையால் செய்தவை என்று தெரிகிறதா என்று பாருங்கள். அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை. கைவேலையில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஆனால் அளவு, புள்ளி எண்ணிக்கை, துளை ஓரம், எது உயர்ந்து நிற்கிறது எது உருகி இறங்கியிருக்கிறது என்பவை மூன்றிலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கையைக் குறைசொல்லும் முன் அட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு படி எழுதாமல் விடுபட்டிருக்கும்: எந்த இடத்தில் மணியைச் சுடரிலிருந்து எடுத்து ஆறவிட்டீர்கள், எப்போது சுடரைச் சிறிதாக்கினீர்கள் என்பது போல.

செய்ய ஆகும் நேரத்தையும் அட்டையில் எழுதுங்கள். ஒன்றரை மணிநேரம் ஆகும் மணியும் இருபது நிமிட மணியும் ஒரே கழுத்துமாலையில் வந்தால், எதை எத்தனை செய்வது என்று அப்போதுதான் திட்டமிட முடியும்.

ஒன்றிலிருந்து தொடருக்கு

ஒற்றை மணியைவிட ஐந்தாறு மணிகள் சேர்ந்த தொடர் உங்கள் பெயரைச் சொல்லும். தொடரில் ஒரு விஷயம் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கட்டும், மற்றவை மாறட்டும். தந்தமும் கருங்கோடும் பொதுவாக வைத்துக்கொண்டு வடிவத்தை மாற்றலாம். அல்லது அலைபோல் சாய்ந்த பிறைகளைப் பொதுவாக வைத்து நிறத்தை மாற்றலாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் தொடர் உடைந்துவிடும். தொடரில் வேலைப்பாடே இல்லாத ஒற்றை நிற மணிகள் இரண்டு மூன்று கட்டாயம் இருக்கட்டும். எல்லா மணியும் பேசினால் எதையும் கேட்க முடியாது. அரிக்கமேட்டு மணிகளின் நினைவு இங்கே உதவும்.

தேர்ந்தெடுக்கும்போது மணிகளை நூலில் கோர்த்து, உண்மையில் அணிந்து, நடந்து பாருங்கள். தட்டில் அழகாக இருந்த மணி தொங்கும்போது பின்பக்கத்தைக் காட்டும். கனமான புள்ளி ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பக்கம்தான் எப்போதும் கீழே வரும். அது தெரிந்தால் வேலைப்பாட்டை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும். அட்டையில் அந்த மாற்றத்தையும் குறித்து வையுங்கள்.

தொடரில் சேராத மணிகளை ஒரு தனிக் கம்பியில், அட்டை எண்ணோடு கோர்த்து வையுங்கள். பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய அந்த இரண்டு கிளைகளும் அதில் இருக்கும். அடுத்த தொடருக்கு மூல மணி தேடும்போது முதலில் அந்தக் கம்பியைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.